கூப்பிடுவார்கள் என்று நின்றவர்கள்

தம்பி,

நீ டெல்லிக்கு ரயிலேறுவதற்குள் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேரில் பேசினால் நீயும் நானும் எப்படிப் பேசுவோம் என்பது உனக்கே தெரியும். நான் ஒன்று சொல்ல, நீ ஒன்பது சொல்ல, கடைசியில் குக்கர் விசிலடித்துத்தான் நம் பொருளியல் விவாதம் முடியும். அதனால் எழுதுகிறேன். உன் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை அனுப்பி, ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் பாருங்கள் அம்மா என்று கேட்டிருந்தாய். அந்த 'மட்டும்' எனக்குப் புரியாமல் இல்லை. பார்த்துவிட்டேன். பேத்துப்பாறை சரி, பள்ளங்கி சரி, எழுத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாயே, பேத்துப்பாறையில் மழை மாதங்களில் வேலை இல்லாமல் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வேலை தேடாதவர்கள், ஆகவே அவர்களை வேலையற்றோர் என்று கொள்ள முடியாது என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்த வாக்கியத்தை நம்பித்தான் உன்னைக் கணக்கெடுக்கச் சொன்ன அறக்கட்டளை, மழை மாதங்களில் கூலி கொடுத்து இங்கே நடத்திவரும் பாதை வேலையை நிறுத்தப்போகிறது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது ஊருக்கும் தெரிந்துவிட்டது.

தூக்கம் வந்தாலும் ஒரே கனவுதான் வருகிறது. நம் ஊர் ரோட்டு முக்கில் மூடுபனி இறங்கியிருக்கிறது. ஆட்கள் நிற்கிறார்கள். நீ கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருகிறாய். கடைசியில் முத்தையா மாமா நிற்கிறார், அந்தப் பழைய கோட்டு, காதை மூடிய மப்ளர், கட்டிய கைகள். அவருக்கு உன்னை அடையாளம் தெரிகிறது. உனக்குத்தான் அவரைத் தெரியவில்லை. 'ஐயா, போன வாரத்துல வேலை தேடினீங்களா?' என்று கேட்கிறாய். 'இல்லைங்க' என்கிறார், உன் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது என்கிற மரியாதையோடு. நீ திரையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். நான் கத்துகிறேன், சத்தம் வரவில்லை. விழித்துப் பார்த்தால் விடிந்திருப்பதில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறேன். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன்.

மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. இதை நான் உனக்கு மட்டும் எழுதவில்லை. உன் அறிக்கையைப் படிக்கிறவர்கள் இதையும் படிக்கட்டும். என் அண்ணன் முத்தையா பிறந்தது இலங்கையில், கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எங்களைக் கப்பலேற்றி இந்தப் பக்கம் அனுப்பியபோது அவர் ஏற்கெனவே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் சின்னப் பெண். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், பிறகு எங்கெங்கோ. வெயில் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் மலையும் குளிரும் தெரிந்த இடமாகப் பார்த்து இங்கே ஏறி வந்தோம். அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். உன் அப்பா உன்னைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போனபோது, மறுநாளே வந்து இந்த வீட்டோடு தங்கிவிட்டார். உனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், 'அதுக்கெல்லாம் எங்கேம்மா நேரம் கெடக்கு' என்பார். மழைக்காலத்தில் அவருக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

நீ அவரைப் பற்றி ஒரு தடவை கேட்டது எனக்கு மறக்கவில்லை. திண்டுக்கல் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். 'மாமா ஏம்மா எப்பப் பாத்தாலும் வீட்டுலயே இருக்காரு?' என்றாய். அவர் வெள்ளனே எழுந்து முக்குக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் நீ கண் விழிப்பாய். நீ பார்த்ததெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமாவை. அதற்கு முன்னால் நடந்ததை நீ பார்த்ததே இல்லை. உன் கணக்கெடுப்பும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. உன் ஆட்கள் பஸ் ஏறி வந்து சேரும்போது முக்கில் யாரும் இருப்பதில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நிற்பது என்ன என்று சொல்கிறேன். இலங்கையில் எங்கள் தோட்டத்தில் வேலை கேட்பது என்ற பழக்கமே கிடையாது. விடியுமுன் தப்பு மேளம் அடிப்பார்கள். ஆணும் பெண்ணும் களத்தில் போய் நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இன்னார் செடி வெட்டும் கவ்வாத்துக்கு, இன்னார் புல்வெட்டுக்கு என்று மலை மலையாகப் பிரித்து அனுப்புவார். கூப்பிடாதவர்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். 'எனக்கும் வேலை குடுங்க' என்று எவனாவது முன்னால் போய்விட்டால், இன்னொருவனுக்கு வரவேண்டியதைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். அவன் வீட்டுக் காரியத்துக்கு அப்புறம் ஒருவரும் போகமாட்டார்கள். கடல் தாண்டி வந்தபோது எங்கள் ஆட்கள் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. பேத்துப்பாறை முக்கில் தப்பும் கிடையாது, கங்காணியும் கிடையாது. காபித் தோட்டத்து ஜீப்பும் கேரட் தோட்டத்து ஜீப்பும் வரும். மேஸ்திரி இறங்காமலே கையைக் காட்டி ஏற்றிக்கொள்வார். எங்கள் ஆட்கள் ஓடிப்போய் ஜீப்பை மொய்க்க மாட்டார்கள். வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கண்ணில் படும்படியாக நிற்பார்கள். அவர்களுக்கு வேலை தேடுவது என்றால் அதுதான். ஆனால் அதைத் தேடுவது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். தேடுவது என்றால் அவர்களுக்குக் கெஞ்சுவது.

நான் மதுரையில் பொருளியல் படிக்கப் போனது ஏதோ அந்தப் பாடத்தில் இடம் இருந்ததால்தான். ஆனால் இரண்டாம் வருஷம் வேலையின்மைப் பாடம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய பாடம் உனக்கு அத்துப்படி. சந்தையில் கத்தரிக்காய் மிஞ்சினால் விலை இறங்கும், இறங்கினால் விற்றுப்போகும். உழைப்பும் அப்படியே. கூலி இறங்கினால் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடும், கிடைக்கவில்லை என்றால் அவன் அந்தக் கூலிக்கு வர மனசில்லாதவன். மேல்நாடுகளில் பெருமந்தம் வந்து ஆலை வாசல்களில் ஆட்கள் வருஷக்கணக்காக நின்றபோதுகூடப் பெரிய பெரிய பேராசிரியர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது இங்கிலாந்தில் ஒருவர் அதைத் திருப்பிப் போட்டார். வாங்குகிறவர்கள் கையை மூடிக்கொண்டால் விற்கிறவன் ஆட்களைக் கூப்பிட மாட்டான், கூப்பிடப்படாதவன் கையிலும் காசு இருக்காது, அவனும் வாங்கமாட்டான், கூலியைக் குறைத்தால் இது இன்னும் மோசமாகும் என்றார். விளைவுத் தேவை என்று நம் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அதுதான். அதற்குப் பிறகுதான் வேலையின்மை அரசாங்கத்தின் பொறுப்பு என்று ஆனது, நாட்டின் வரவு செலவை மொத்தமாகப் பார்க்கும் தனிப் பாடமே பிறந்தது. அன்றைக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்து அழுதேன் தம்பி. என் அண்ணன் சோம்பேறி இல்லை என்று முதல்தடவையாக ஒரு புத்தகம் சொல்லியிருந்தது.

பிறகு அதைக் கண்ணாலேயே பார்த்தேன். நீ ஹாஸ்டலில் இருந்த ஒரு வருஷம், மலைப்பாதையில் பெரிய மண்சரிவு. சீசன் நேரத்தில் டூரிஸ்ட் வண்டிகள் ஏறவில்லை. ஓட்டல்கள் காய்கறி எடுக்கவில்லை. கேரட்டை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். முக்குக்கு வரும் ஜீப்பில் பாதி இடம் காலியாகவே போகும். ஒருநாள் மேஸ்திரி வண்டியை நிறுத்தி, 'கூலியக் கொறச்சுக்கிட்டீங்கன்னா இன்னுங் கொஞ்சப் பேரச் சேத்துக்கலாம்னு மொதலாளி சொல்றாருங்க' என்றாராம். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரி என்றிருக்கிறார்கள். மறுநாளும் அதே பாதி இடம் காலியாகத்தான் போனது. கேரட்டை வாங்க ஆளில்லாதபோது மலிவான ஆளை வைத்து முதலாளி என்ன செய்வார்? குறைந்த கூலிக்கு வேலைக்குப் போனவர்களும் முக்கில் செல்வியின் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார்கள், அவள் பாலைக் குறைத்தாள், பிறகு கடையையே சாத்தினாள். நான் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தும்போது மேல்நாட்டுக் கதையை விட்டுவிட்டு இந்தக் கதையைத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

ஆனால் உன்னிடம் அந்தக் கதை செல்லுபடி ஆகவில்லை. எம்.ஏ. படிக்கும்போது லீவுக்கு வந்து இந்தச் சமையலறையிலேயே என்னை மடக்கினாய். எண்ணெய் விலை ஏறிய காலத்தில் விலைவாசியும் வேலையின்மையும் கைகோர்த்துக்கொண்டு ஏறினவே, உங்கள் பாடத்தில் அது நடக்கவே கூடாதே என்றாய். அரசு செலவழிக்கப்போகிறது என்று தெரிந்தால் மக்கள் அதற்கு ஏற்றாற்போல் முன்கூட்டியே மாறிக்கொள்வார்கள், அவர்கள் என்ன பொம்மைகளா என்றாய். மொத்தம் மொத்தம் என்று பேசிப் பேசி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆளும் எப்படி முடிவெடுக்கிறான் என்பதையே பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றாய். நம்மைப் போன்ற நாடுகளில் இரண்டு பேர் வேலையை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டு கிடக்கும்போது, செலவை மட்டும் கூட்டினால் விளைச்சல் கூடாது, விலைதான் கூடும் என்று நம் நாட்டுப் பொருளியலாளர்களே சொல்லவில்லையா என்றாய். நான் பதில் சொன்னேன், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. நீ சொன்னதில் பாதி சரி. என் பிள்ளை என்னை ஜெயித்துவிட்டான் என்று அன்றைக்கு எனக்கு உள்ளூரக் கொள்ளைச் சந்தோஷம். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எப்போது சொல்வேனோ.

பள்ளங்கி பாக்கியத்தை உனக்குத் தெரியும், மலைப்பூண்டு போடுகிறாளே. போன வருஷம் அவள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விடாமல் பொரிந்தாள். 'டீச்சர், பூண்டு மண்ணுக்குள்ள அழுகிக் கெடக்கு. ஒங்க ஊரு ஆளுகளக் கூப்பிட்டா, பாதை வேலை கெடக்குங்குறாக. பாதைக்குச் சொவரு கட்டுறது ஓடியா போகுது? என் பூண்டு போயிருமே. அங்க குடுக்குற கூலிய நான் எங்கிட்டுப் போயிக் குடுக்க? நான் என்ன எஸ்டேட்டா வச்சிருக்கேன்?' அவள் பேசியது உன் கட்சி. அவள் சொன்னது பொய்யும் இல்லை. பாதை வேலையை அறுவடை நாட்களில் நிறுத்தி வை என்று நீ எழுதியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ எழுதியது அது இல்லை. நிற்கிறவர்களே இல்லை என்று எழுதிவிட்டாய்.

இனி, உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்த மண்சரிவு வருஷத்துக்குப் பிறகு மாமா ஒரு தடவை திருப்பூருக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தான். அங்கே ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவனிடம்கூடச் சொல்லாமல் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் போகவேண்டும் என்கிறாயே, உன் மாமா போனார். போனவர் கொஞ்ச நாளில் திரும்பி வந்து நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. கால் கழுவிவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, 'கூப்பிடவே இல்லம்மா' என்றார்.

'உள்ள போயிக் கேட்டீங்களாண்ணே?' என்றேன்.

'கேக்குறதா? தெனமும் வெள்ளனே போயி, கம்பெனி கேட்டுக்கு நேராக் கண்ணுல படுற மாதிரித்தானே நின்னேன். ஆள் தேவைன்னு போர்டே மாட்டியிருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தானே நின்னேன். செக்யூரிட்டிப் பையன் வந்து, யாரப் பாக்கணும் பெரியவரேன்னு கேட்டான். யாரையும் இல்லப்பான்னேன்.' சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். 'அந்த ஊருல நம்ம மொகம் தெரியாதுல்ல. அதான் கூப்பிடல' என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்த ஒரு காட்சியை நான் எத்தனை வருஷம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? திருப்பூரில் தேவைக்குக் குறைவே இல்லை. போர்டு தொங்குகிறது. ஆகவே என் பாடம் அவரைக் கைவிட்டது. நீ ஜெயித்தாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உன் பாடத்தை எடுத்துப் பார்த்தால், வேலை தேடுகிறவன்தான் வேலையற்றவன், தேடாதவன் விருப்பப்பட்டு ஒதுங்கியிருப்பவன். யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதற்கு யாரையும் இல்லை என்று சொன்ன மனுஷனை அது எங்கே வைக்கும்? கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய், தெரியாத ஊரில் விடியுமுன் எழுந்து நின்றவனை, ஓய்வாக இருந்தவர்களோடு சேர்த்துவிடும். ஆளுக்கொரு பக்கம் நின்று நீயும் நானும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டோம். அவர் நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார், நம் இரண்டு பேர் கண்ணிலும் படும்படியாகத்தான் நின்றார்.

அவர் போனது ஒரு மழைக்காலத்தில். உனக்கு மதுரையில் பரீட்சை. முடிந்த பிறகு சொன்னால் போதும், பிள்ளை படிப்புக் கெடக்கூடாது என்று அவரே சொல்லியிருந்ததால் நீ வந்தபோது உடல்தான் இருந்தது. நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு விடியும் நேரத்தில் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். காய்ச்சலில் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. 'தப்பு அடிச்சிருச்சு, வெரசா அந்தக் கோட்ட எடும்மா' என்றார். படுங்கண்ணே என்றால் கேட்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கையை ஊன்றி ஊன்றி எழுந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை தம்பி. வாசலில் போய் நின்றுகொண்டு, சின்ன வயசில் காதில் விழுந்த கங்காணியின் குரலில், 'முத்தையா! கவ்வாத்து மலைக்கு!' என்று கூப்பிட்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. 'இருக்கேங்கய்யா' என்றார். பிறகு அமைதியாகப் படுத்துக்கொண்டார். வெயில் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் பல மாதங்கள், விடிவதற்கு முன்னால் வாசல் நாதாங்கி எடுபடும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் போட்டது போட்டபடி இருக்கும். நான் படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், இதையெல்லாம் வெளியே சொல்ல வெட்கம். காலப்போக்கில் நின்றுவிட்டது. உன் அறிக்கை என் கைக்கு வந்த வாரத்திலிருந்து மறுபடியும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பேய் என்று பயமில்லை. அண்ணன் வந்தால் எனக்கென்ன பயம்? வந்தவரிடம், உங்களை இல்லை என்று எழுதிவிட்டான் உங்கள் மருமகன் என்று எப்படிச் சொல்வது என்றுதான் பயம்.

அந்தச் சத்தம் கேட்ட ஒரு நாள், திரும்பிப் படுக்காமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு முக்குக்கே போனேன். எதிரில் வருகிற ஆள் தெரியாத மூடுபனி. முதலில் இருமல் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. கொஞ்சம் தள்ளிக் கடைசியில் ஒருவர் கை கட்டி நின்றார். அண்ணனோ என்று ஓடினேன். கிட்டே போனால் யாரோ ஒரு வயசானவர், எனக்குத் தெரியாதவர், 'வாங்க டீச்சர்' என்கிறார். ஜீப் வந்தது. மேஸ்திரி கைகாட்டியவர்கள் ஏறினார்கள். மற்றவர்கள் ஜீப் போன திசையைக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். உடனே திரும்பினால் அடுத்த வண்டி வந்துவிடுமோ என்று ஒரு நினைப்பு. மாமாவும் அப்படித்தான் தாமதமாக வருவார்.

அங்கே ராக்கம்மா இருந்தாள், கீழ் லைன் வீட்டில் இருப்பவள். என் அருகில் வந்து தயங்கித் தயங்கிப் பேசினாள். 'ஒங்க மகன் அனுப்புனாருன்னு ஒரு பொண்ணு வந்து கேட்டுட்டுப் போச்சுங்க டீச்சர். இனிமே மழைக்குப் பாதை வேலை கெடையாதுன்னு பேசிக்கிறாக. நாங்க ஏதும் தப்பாச் சொல்லிப்புட்டமாங்க? என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிக் குடுங்க. மறுவாட்டி வந்தா அப்படியே சொல்லிருதோம்.' மற்றவர்களும் மெல்ல வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். இத்தனை வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு விடை சொல்லிக் கொடுத்தவள் நான். இவர்களுக்கு ஒரே ஒரு சொல் போதும். வேலை தேடினீர்களா என்றால், ஆமாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அடுத்த மழைக்கு இவர்கள் அடுப்பு எரியும்.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். திட்டத்தைத் தெரிந்துகொண்டால் மக்கள் பதிலை மாற்றிக்கொள்வார்கள் என்று நீயும் உன் ஆசிரியர்களும் சொல்வீர்களே, அதை என் வாயாலேயே நிரூபிக்க வேண்டாம் என்று கொஞ்சம். ஆனால் அது மட்டும் இல்லை. அவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். கேட்டவர்களுக்குக் கேட்கத் தெரியாததற்கு, சொன்னவர்கள் ஏன் பொய் பழக வேண்டும்? 'நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல ராக்கம்மா. அவங்கதான் கேள்விய மாத்திக் கேக்கணும். என் மகனே நேர்ல வந்து கேப்பான்' என்றேன். 'எப்பங்க வருவாரு?' என்றாள். யோசிக்காமல் வாயில் வந்தது. 'வர்ற திங்கக்கெழமை' என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பி மற்றவர்களிடம், 'திங்கக்கெழமையாம்' என்றாள். அந்த வயசானவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நீ வந்து அறிக்கையை மாற்றியே ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அந்த வாக்கியம் சரி என்று பட்டால் அப்படியே அனுப்பிவிடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பாக்கியம் சொன்னதையும் சேர்த்து எழுது. உனக்குப் புதன்கிழமைதான் ரயில், இடையில் நாள் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது என் தவறுதான், கோபித்துக்கொள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். திங்கட்கிழமை விடியும்போது அவர்கள் உனக்காகவும் நிற்பார்கள். நீ வரவில்லை என்றால் யாரும் உனக்குப் போன் செய்யமாட்டார்கள். என் வீட்டு வாசலுக்கு வந்து ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள்.

அம்மா